கொழுப்பு பாயிண்ட் இறங்கினால் மாட்டுக்கு எண்ணெய் கொடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு இரண்டு பிரீசியன் கலப்பு மாடு வளர்க்கிறார். ஒன்று கன்று போட்டு நாலரை மாதம், காலையில் 7 லீட்டர், மாலையில் 4 லீட்டர் கறக்கிறது. மற்றது ஏழு மாதச் சினை, இப்போது கறவை இல்லை. காலைப் பால் மட்டும்தான் பால் சேகரிக்கும் நிலையத்துக்குப் போகிறது, மாலைப் பால் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும். கன்று போட்ட புதிதில் 3.8 வீதம் என்று வந்த கொழுப்பு (பாயிண்ட் என்று நாம் சொல்வது இந்த வீதத்தைத்தான்), இரண்டு மாதமாக 2.9, 3.0 என்று நின்றுவிட்டது, பால் காசும் அதோடு இறங்கிவிட்டது. பேக் தீவனம் விலை ஏறிவிட்டதால் அதை நிறுத்திவிட்டு நாளைக்கு 4 கிலோ ரைஸ் பொலிஷும் (அரிசி தீட்டும்போது வருகிற தவிடு) 1 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கும் வைக்கிறார், ஓடைக்கரையில் வெட்டுகிற பச்சைப் புல் ஒரு கட்டு.

"ஒருத்தர் தினமும் கால் போத்தல் தேங்காய் எண்ணெய் கலந்து வைக்கச் சொல்கிறார். இன்னொருத்தர் கொழுப்புத் தூள் என்று ஒரு பேக்கைக் கொண்டுவந்து காட்டினார், விலையைக் கேட்டதும் தலை சுற்றிவிட்டது. கடன் வாங்கியாவது வாங்கலாமா ஐயா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, கடன் வாங்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். கொழுப்புத் தூள் கெட்ட பொருள் இல்லை, அதற்கென்று ஒரு மாடு இருக்கிறது, ஆனால் இப்போது கறக்கிற உங்கள் மாடு அது இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி மஸ்கெலியாவிலிருந்தும் லிந்துலையிலிருந்தும் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, எல்லோருமே பாலில் கொழுப்புக் குறைந்தால் மாட்டுக்குக் கொழுப்பைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. மாட்டு வயிற்றில் நடப்பது வேறு.

முதலில் கறவையைப் பார்ப்போம், இதற்குக் காசே தேவையில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "பிரட்டுக்கு (காலையில் தோட்ட வேலை பிரிக்கிற இடத்துக்கு) போகிற அவசரத்தில் மடியில் கொஞ்சம் விட்டுவிட்டு கன்றை அவிழ்த்து விடுகிறேன், அது மிச்சத்தைக் குடித்துக்கொள்ளும்." அந்த மிச்சத்தில்தான் கொழுப்பு இருக்கிறது. கறக்கத் தொடங்கும்போது வருகிற பாலில் கொழுப்பு 1 அல்லது 2 வீதம்தான் இருக்கும், போகப் போக ஏறி, கடைசியில் பிழிந்து எடுக்கிற பாலில் 7, 8 வீதத்தையும் தாண்டும். கொழுப்புத் துளிகள் மடிக்குள் மேலே சிறு அறைகளில் ஒட்டிக்கொண்டு நின்று கடைசியில்தான் இறங்குகின்றன. கன்று சின்னதாக இருந்தபோது அது குடித்தது கொஞ்சம், இப்போது நாலரை மாதக் கன்று நன்றாகவே இழுக்கும். ஆக, நிலையத்துக்குப் போவது கொழுப்புக் குறைந்த முன்பால், கன்றுக்குப் போவது கொழுப்பு நிறைந்த பின்பால். அதோடு நீங்கள் விற்பது காலைப் பால். இரவு முழுக்க நீண்ட நேரம் சேர்ந்த பால் என்பதால் அளவு கூட, கொழுப்பு வீதம் மாலைப் பாலை விடக் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தாலே கணிசமான பாயிண்ட் போய்விடும்.

கன்றுக்கு நாலரை மாதம் ஆகிவிட்டது, புல்லும் தீவனமும் தின்கிறது என்றால் பாலை நிறுத்தலாம். மனசு கேட்கவில்லை என்றால் பால் சுரக்கிறதற்கு முதலில் கொஞ்ச நேரம் ஊட்டவிட்டு, கட்டிவிட்டு, முதலில் வருகிற ஒரு லீட்டரைத் தனிச் சட்டியில் கறந்து கன்றுக்கு வையுங்கள். மீதியைக் கடைசிச் சொட்டு வரை கறந்து வாளியில் சேருங்கள். நிலையத்தில் மாதிரி எடுக்கும்போது கேனை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் எடுக்கிறார்களா என்றும் நின்று பாருங்கள், பால் நின்றால் ஆடை மேலே போய்விடும்.

சரி, இப்போது தீவனத்துக்கு வருகிறேன். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பாலில் இருக்கிற கொழுப்பு இரண்டு வழியில் வருகிறது. ஏறத்தாழ பாதியை மடியே தயாரிக்கிறது. மாடு தின்கிற புல்லின் நாரை முதல் வயிற்றிலுள்ள பக்டீரியாக்கள் புளிக்கவைத்து அசெற்றிக் அமிலம் என்று ஒன்றை உண்டாக்குகின்றன, வினாகிரியில் இருக்கிற அதே அமிலம்தான். அது இரத்தத்தில் ஏறி மடிக்குப் போய் அங்கே கொழுப்பாகிறது. மற்றப் பாதி தீவனத்திலுள்ள கொழுப்பிலிருந்தும் மாட்டின் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பிலிருந்தும் வருகிறது. கன்று போட்ட முதல் வாரங்களில் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கும், அதனால் அப்போது பாயிண்ட் தானாகவே உயரும். உங்கள் 3.8இல் கொஞ்சம் அதுவும் இருந்திருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி 3.8 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பிரீசியன் கலப்புக்கு 3.5, 3.6 என்பது நல்ல எண்.

இப்போது எண்ணெய். முதல் வயிற்றிலுள்ள பக்டீரியாக்களுக்குத் திரவ எண்ணெய் பிடிக்காது, அவற்றுக்கு அது நஞ்சு மாதிரி. அதனால் உள்ளே வருகிற எண்ணெயை அவை மாற்றி, கெட்டிக் கொழுப்பாக்கி அனுப்பிவிடும். அளவோடு வந்தால் இந்த மாற்றம் ஒழுங்காக நடக்கும், பாலுக்குத் தீங்கு இல்லை. எண்ணெய் அளவுக்கு மேல் வந்து, நாரும் குறைந்து, வயிறு புளித்துப்போனால், அந்த மாற்றம் வேறு பாதையில் போய் நடுவழியில் ஒரு வித்தியாசமான கொழுப்பமிலம் உண்டாகிறது. ட்ரான்ஸ்-10, சிஸ்-12 என்று அதற்குப் பெயர், பெயரை நினைவில் வைக்கத் தேவையில்லை, அது செய்கிற வேலையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மடிக்குப் போய் கொழுப்புத் தயாரிப்பை அணைத்துவிடுகிறது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டேல் பௌமன் குழுவினர் 2000ஆம் ஆண்டு இதைக் காட்டினார்கள். முதல் வயிற்றைத் தாண்டி, மாட்டுக்கு நாளைக்கு வெறும் 10 கிராம் இந்த அமிலத்தைச் செலுத்தியபோது நாலே நாளில் பால் கொழுப்பு 40 வீதத்துக்கு மேல் இறங்கியது. 10 கிராம் என்பது இரண்டு தேக்கரண்டி. பால் அளவு குறையவில்லை, கொழுப்பு மட்டும் போனது. அதனால்தான் உங்கள் மாடு பார்க்க நன்றாக இருக்கிறது, பாலும் குறையவில்லை, பாயிண்ட் மட்டும் இறங்கியிருக்கிறது.

"நான்தான் இன்னும் எண்ணெயே கொடுக்கவில்லையே" என்பீர்கள். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் தங்கச்சி, ரைஸ் பொலிஷில். உமி கலக்காத நல்ல ரைஸ் பொலிஷில் 13 முதல் 15 வீதம் எண்ணெய் இருக்கும். 4 கிலோவில் அரைக் கிலோவுக்கு மேல் எண்ணெய். அதில் மூன்றில் ஒரு பங்கு லினோலெயிக் என்கிற திரவ வகை, மேலே சொன்ன கெட்ட அமிலம் உண்டாவது அதிலிருந்துதான். புண்ணாக்கில் 80, 100 கிராம் எண்ணெய், புல்லில் 150 கிராம் வரை. எல்லாம் கூட்டினால் நாளைக்கு 750 முதல் 850 கிராம் வருகிறது. உங்கள் மாடு தின்பதில் தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 10, 11 கிலோ காய்ந்த தீனி இருக்கும். அப்படியென்றால் 7 வீதத்துக்கு மேல் கொழுப்பு. கறவை மாட்டின் தீனியில் எல்லாக் கொழுப்பும் சேர்ந்து 6, மிஞ்சினால் 7 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் நாங்கள் வைத்திருக்கிற கணக்கு. நீங்கள் ஏற்கெனவே விளிம்பைத் தாண்டி நிற்கிறீர்கள், இதற்கு மேல் கால் போத்தல் எண்ணெயா?

அதிலும் தேங்காய் எண்ணெய். அதில் பாதிக்குப் பக்கம் லோரிக் அமிலம், அது நார் செரிக்கவைக்கிற பக்டீரியாக்களையும் மற்றச் சிறு உயிர்களையும் அடித்துப்போடும். மாடு தீனி குறைக்கும், புல் செரிக்காது, அசெற்றிக் அமிலம் குறையும், கொழுப்பு இன்னும் இறங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நல்ல எண்ணத்தோடு ஒரு கிழமை தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். மாடு புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, சாணி தளர்ந்து கிடந்தது, பாலும் இரண்டு லீட்டர் இறங்கியிருந்தது. அந்த வீட்டுக்கு அந்த ஒரு மாடுதான். அந்தக் காட்சி இன்னும் மனதில் இருப்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன். மாஜரின், பொரித்து மிஞ்சிய எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

இப்போது அந்தப் பேக். கொழுப்புத் தூளில் இரண்டு வகை இருக்கிறது, பேக்கின் பின்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். ஒன்று பாம் எண்ணெய்க் கொழுப்பமிலத்தைக் கல்சியத்தோடு சேர்த்துக் கட்டியது. முதல் வயிற்றில் பெரும்பாலும் கரையாமல் தாண்டி, நாலாம் வயிற்றின் கடும் புளிப்பில்தான் அவிழும், அதனால் பக்டீரியாக்களுக்குத் தொந்தரவு குறைவு. இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய பால்மிட்டிக் அமிலம், மீதியில் பெரும்பகுதி ஒலெயிக். மாட்டுக்குச் சக்தி கொடுக்கவும் உடம்பு இளைக்காமல் பார்க்கவும் இது நல்லது. ஆனால் பால் கொழுப்பு எதிர்பார்த்த அளவு ஏறும் என்று சொல்ல முடியாது, வயிறு ஏற்கெனவே புளித்துக் கிடந்தால் இந்தக் கல்சியக் கட்டும் அங்கேயே கொஞ்சம் அவிழ்ந்துவிடும். இரண்டாவது வகை பால்மிட்டிக் அமிலம் மட்டுமே மிகுதியாக உள்ள, கெட்டியான, மணி மணியான தூள். பால் கொழுப்பை உயர்த்துவதில் கொழுப்பமிலங்களில் இதுதான் முன்னால் நிற்கிறது. மடி இதை அப்படியே எடுத்துப் பாலில் சேர்த்துக்கொள்ளும். ஸ்ரியறிக் என்ற இன்னொரு கெட்டிக் கொழுப்பமிலத்துக்கு இந்த அளவு பலன் இல்லை.

பலன் எவ்வளவு என்று கேட்டால், ஒழுங்காகத் தீனி தின்கிற மாட்டில் 0.2, 0.3 பாயிண்ட் ஏறலாம். பாயிண்ட் ஒன்று கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலையத்துக்குப் போகிற உங்கள் 7 லீட்டரில் 0.3 என்பது நாளைக்கு 21 கிராம் கொழுப்பு. அந்த 21 கிராமுக்கு நிலையத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று உங்கள் பால் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், பக்கத்தில் நாளைக்கு 150, 200 கிராம் தூளின் விலையை எழுதுங்கள். வாங்குவதா வேண்டாமா என்று அந்த இரண்டு எண்ணும் உங்களுக்குச் சொல்லிவிடும். இன்னொன்று, கொழுப்பைச் சேர்த்தால் பாலின் புரதம் ஒரு சிறிதளவு இறங்குவது வழக்கம், புரதமும் அடங்கிய கொழுப்பல்லாத திண்மத்துக்கும் சேர்த்துத்தான் காசு போடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்போ என்ன செய்வது? ரைஸ் பொலிஷை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு கிழமைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக 4 கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். குறைந்ததற்குப் பதிலாக ஒன்றரைக் கிலோ பேக் தீவனமும், புண்ணாக்கை ஒன்றரைக் கிலோ வரையும் வையுங்கள், கோதுமைத் தவிடு கிடைத்தால் அதையும் சேர்க்கலாம், அதில் எண்ணெய் குறைவு. செலவு கொஞ்சம் கூடும், தெரிகிறது, ஆனால் அந்தத் தூள் பேக்கை விடக் குறைவாகத்தான் வரும். ஒரே தடவையில் எல்லாத் தீவனத்தையும் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாக, அதுவும் புல்லைத் தின்ற பிறகு வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு வாளி பொலிஷ் கஞ்சியைக் குடிக்கவைப்பது நம்மூரில் பழகிப்போன ஒன்று, அதைக் கட்டாயம் விடுங்கள். பொலிஷ் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், எண்ணெய் ஊறிய சிக்கு மணம் அடித்தால் வாங்க வேண்டாம். நம் பக்கத்து ஈரத்தில் அது சீக்கிரம் கெட்டுப்போகும்.

புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் மே கடைசியில் தொடங்குகிற மழை செப்டெம்பர் வரை விடாது. அந்த நாட்களில் ஓடைக்கரைப் புல் தளதளவென்று வளரும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அதில் முக்காலுக்கும் மேல் தண்ணீர்தான், நார் இளசு. மாடு வயிறு நிறையத் தின்றது மாதிரி இருக்கும், உள்ளே போனதோ கொஞ்சம். கொழுப்பு இறங்கிய மாதங்களையும் மழை மாதங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இதுவும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கிறது. வெட்டிய புல்லைக் கூரைக்குக் கீழே பரப்பி அரை நாள் வாடவிட்டுக் கொடுங்கள். தேயிலை மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றுவதற்காக மலையில் போட்டிருக்கிற குவாத்தமாலா புல் தோட்டத்தில் இருந்தால், கேட்டு வெட்ட அனுமதி வாங்கி, முற்றிய புல்லாக நாளைக்கு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள், இளம் புல்லில் இல்லாத நார் அதில் இருக்கிறது. சி.ஓ. 3 என்கிற தீவனப் புல் நட்டிருந்தால் ஒரு மாதத்திலேயே வெட்டாமல் ஒன்றரை மாதம் விட்டு வெட்டுங்கள். மிகப் பொடியாகவும் நறுக்க வேண்டாம், மாடு மெல்ல வேண்டும். மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் வயிற்றின் புளிப்பைத் தணிக்கிற மருந்து.

நீங்கள் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வரும்போது மாடு படுத்திருந்தால் ஐந்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். அசைபோடுகிறதா, ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லு என்று எண்ணுங்கள். 50, 60 தடவை மென்றால் வயிறு சரியாக இருக்கிறது. 40க்குக் கீழே என்றால், அல்லது படுத்தும் அசைபோடாமல் இருந்தால், நார் போதவில்லை. எந்தப் பரிசோதனைக் கூடத்தையும் விட இது சீக்கிரம் பதில் சொல்லும். இதோடு முதல் மூன்று கிழமைக்கு நாளைக்கு 100 கிராம் அப்பச்சோடாவைத் தீவனத்தில் கலந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தாதுக்கலவையும் உப்பும் வழக்கம்போல. தண்ணீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த மறுநாளே பாயிண்ட் ஏறாது. கெடுவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் எடுத்த மாதிரி, திரும்புவதற்கும் பத்து நாளிலிருந்து மூன்று கிழமை வரை எடுக்கும். கறவையை மாற்றியதன் பலன் மட்டும் முதல் கிழமையிலேயே தெரியும். மூன்று கிழமைக்குப் பிறகும் 3.2ஐத் தாண்டவில்லை என்றால் பகுதிக் கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு மடியைப் பாருங்கள், வெளியில் தெரியாத மடிநோய் இருந்தாலும் கொழுப்பு இறங்கும். வெயில் காரணமாக இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கீழ்நாட்டில் அது உண்மையான காரணம், உங்கள் உயரத்தில் குளிர்தான், அதை விட்டுவிடலாம்.

இப்போது அந்தச் சினை மாடு. போன கன்றில் உச்சத்தில் 17 லீட்டர் கறந்தது, அதன் பிறகு நாலு தடவை ஊசி போட்டும் சினை பிடிக்காமல் இழுத்தடித்தது, உடம்பும் ஒட்டிப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன "அதற்கென்று ஒரு மாடு" இதுதான். கன்று போட்டதும் பால் வேகமாக ஏறும், ஆனால் தீனி தின்கிற அளவு அவ்வளவு வேகமாக ஏறாது. அந்த இடைவெளியில் மாடு தன் உடம்பைக் கரைக்கிறது, கரைந்த மாடு பருவத்துக்கு வரவும் தாமதமாகும். மாவுத் தீனியைப் போல இரண்டேகால் மடங்கு சக்தி கொழுப்பில் இருக்கிறது, வயிற்றையும் புளிக்கவைக்காது. இந்த மாட்டுக்குப் பாயிண்ட்டுக்காக இல்லை, உடம்புக்காக, கல்சியம் சேர்ந்த வகைத் தூள் வாங்கலாம். கன்று போட்டு இரண்டு கிழமை போய், மாடு ஒழுங்காகத் தின்னத் தொடங்கியதும் நாளைக்கு 50 கிராமில் தொடங்கி, மணம் பழகப் பழக பத்து நாளில் 200 கிராமுக்குக் கொண்டுபோய், மூன்று மாதம். அந்த நாட்களில் இதற்கும் ரைஸ் பொலிஷ் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் மறுபடி அந்த 7 வீதக் கணக்கில் போய் மாட்டிக்கொள்வோம். ஆனால் கன்று போடும்போது மாடு நல்ல சதைப்பிடிப்போடு இருந்து, 12, 13 லீட்டருக்கு மேல் போகாவிட்டால் இதற்கும் தூள் தேவைப்படாது.

அதனால் இப்போதே பேக் வாங்கி வைக்க வேண்டாம். கன்று போட்டு பத்தாம் நாள் போல, இடுப்பெலும்பும் விலாவும் எவ்வளவு தெரிகிறது, நாளைக்கு எத்தனை லீட்டர், சீம்பால் காலம் முடிந்த பிறகு காலைப் பாலில் கொழுப்பு எத்தனை என்று எழுதுங்கள். முடிந்தால் நிலையத்தில் சொல்லி ஒரு நாள் மாலைப் பாலையும் சோதித்து அந்த எண்ணையும் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அளவு சொல்கிறேன்.